மதுரை – சென்னை விமானம்: 417 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரமா?

திருநகர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி வேளச்சேரியில் வீடு வாங்கியிருக்கிறாள். கிரகப்பிரவேசத்துக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப் போகணும். அப்பாவுக்கு 72 வயது, போன வருஷம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனது. நடக்கிறார், ஆனால் படி ஏறினால் முகம் சுளிப்பார். விமானம்தான் சௌகரியம் என்று நான் சொல்கிறேன். ரயிலில் போகலாம் என்று அம்மா ஒரே பிடிவாதம்.

சரி, நேரத்தைப் பார்க்கலாம் என்று இணையத்தில் தேடினேன். ஒரு தளம் மதுரை–சென்னை 417 கி.மீ., பறக்கும் நேரம் 31 நிமிடம் என்கிறது. இன்னொன்று அதே 417-ஐப் போட்டு 1 மணி 1 நிமிடம் என்கிறது. டிக்கெட் போடும் இடத்தில் பார்த்தால் 1 மணி 25 நிமிடம்! வந்தே பாரத் ஐந்தே முக்கால் மணி நேரத்தை ஒட்டி வருகிறது. இதில் எதை நம்பி அம்மாவிடம் பேசுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குவாத்தியார் எழுதியது:

முதல் இரண்டு எண்களுக்கும் ஒரே அப்பாதான். 417-ஐ 800-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.52 மணி, அதாவது 31 நிமிடம். ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகும் என்று வைத்துக்கொண்டு போட்ட வெறும் வகுத்தல் அது. இரண்டாவது தளம் அதோடு மேலே ஏறவும் கீழே இறங்கவும் என்று பொத்தாம்பொதுவாக 30 நிமிடம் கூட்டியிருக்கிறது. 61 நிமிடம், சரியா? திருவனந்தபுரமானாலும் டெல்லியானாலும் அதே 30-ஐத்தான் கூட்டும். அந்தத் தளங்களுக்கு எந்த விமானம் ஓடுகிறது என்று தெரியாது, ஓடுகிறதா என்பதே தெரியாது. விமான நிலையமே இல்லாத இரண்டு ஊரைக் கொடுத்தாலும் பறக்கும் நேரம் சொல்லும், வேண்டுமானால் மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் போட்டுப் பாருங்கள்.

ஆனால் 417 சரியான எண். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நானும் போட்டுப் பார்த்தேன். வடக்கே 350 கி.மீ., கிழக்கே 227 கி.மீ., மீதியைப் பிதாகரஸ் பார்த்துக்கொள்வார். இந்தத் தூரத்துக்குப் பூமியின் வளைவால் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. விமானக்காரர்கள் பாஷையில் 225 கடல் மைல்.

வரைபடத்தில் கோடு போட்டபோது ஒன்று கண்ணில் பட்டது. மதுரை ஓடுபாதையிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு இழுத்தால் அது திருச்சி மேல் போகிறது, விழுப்புரம் மேல் போகிறது, செங்கல்பட்டு மேல் போகிறது. சாலை போகிற வழியேதான். கோவை–சென்னைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே வானில் 404 கி.மீ.தான், அதாவது மதுரையைவிடக் கிட்டம். சாலையில் 500-ஐத் தாண்டிவிடும், சேலம் பக்கம் மேலே ஏறிச் சுற்றி வருவதால். மதுரைக்காரர்கள் சாலையில் போனாலும் 460 கி.மீ. அளவில் முடித்துவிடுகிறோம்.

---

ரயில்பித்தன்86 எழுதியது:

வாத்தியார் சார், அருமை! அந்தக் கோட்டை அப்படியே ரயில்பாதை மேலும் வைத்துப் பாருங்க. எழும்பூரிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர், திருச்சி வரைக்கும் கார்டு லைன்ங்கிற குறுக்குப்பாதை அந்தக் கோட்டை விட்டுப் பெரிசா விலகாது. திருச்சி தாண்டினதும்தான் வித்தியாசம். சாலை விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர்னு நேரா மதுரைக்கு இறங்குது. ரயில் மேற்கே திண்டுக்கல்லுக்குப் போய்ட்டுத் திரும்புது. அந்த ஒரு வளைவுலயே இருபது கிலோமீட்டருக்கு மேல கூடிருது. அதனாலதான் ரயில் தூரம் 495-ஐ ஒட்டி நிக்குது.

நேரம்னு பாத்தா, 1977 ஆகஸ்ட் 15-ல வைகை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பிச்சது மீட்டர்கேஜ்ல. பகல்லயே மதுரைல இருந்து மெட்ராஸ் போயிரலாம்ங்கிறதே அப்ப ஊர்ப்பேச்சு. 2019 மார்ச்ல தேஜஸ், ஆறரை மணி நேரக் கணக்கு. 2023 செப்டம்பர்ல நெல்லை வந்தே பாரத், 2024 ஆகஸ்ட் கடைசில நாகர்கோவில் வந்தே பாரத். ரெண்டும் மதுரை வழியாத்தான். அந்த வண்டி 160 வரைக்கும் போகக்கூடியது, தடம்தான் அதுக்கு விடலை. விட்டா ஐந்து மணி நேரத்துக்குள்ள வந்திருவோம்.

திருநகர் அண்ணே, உங்க அம்மா சொல்றதுதான் சரி. என் ஓட்டு அம்மாவுக்கு.

---

காற்றுத்திசை எழுதியது:

நான் விமான நிலையத் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட்டில் இருக்கும் 1 மணி 25 நிமிடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அது பறக்கும் நேரம் அல்ல. நாங்கள் பிளாக் டைம் என்போம். விமானம் நின்ற இடத்தை விட்டு முதல் முறை அசைவதிலிருந்து, போய்ச் சேரும் ஊரில் நிறுத்துமிடத்தில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை உள்ள மொத்த நேரம். ஆட்டோவில் உட்கார்ந்ததும் மீட்டரைத் தட்டிவிட்ட மாதிரி, சிக்னலில் நிற்பதும் அதில் சேரும்.

மதுரையில் இந்தக் காத்திருப்பு குறைவு. ஒரே ஓடுபாதை, 2,286 மீட்டர் நீளம், ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு விமானங்கள்தான். அசைந்த ஏழெட்டு நிமிடத்தில் மேலே போய்விடலாம். சென்னைப் பக்கம்தான் நேரம் ஓடும். காலையிலும் மாலையிலும் வரிசை கட்டி வருவார்கள். கட்டுப்பாட்டு அறை வேகத்தைக் குறைக்கச் சொல்லும், இல்லையென்றால் கொஞ்சம் சுற்றிவிட்டு வரச் சொல்லும். இறங்கிய பிறகும் தூரத்து நிறுத்துமிடம் என்றால் ஊர்ந்து போக வேண்டும்.

இன்னொன்று காற்று. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். கடற்காற்றோ வடகிழக்குப் பருவக்காற்றோ அடித்தால் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி இறங்குவார்கள். தெற்கிலிருந்து வரும் மதுரை விமானத்துக்கு அது சௌகரியம், பெரிய சுற்று கிடையாது. தென்மேற்குக் காற்றில் நிலைமை தலைகீழ். ஊரைத் தாண்டிக் கடலுக்கு மேல் போய், அங்கே திரும்பி, மேற்கு நோக்கி உள்ளே வர வேண்டும். சில நாட்களில் இதிலேயே பத்து நிமிடம் கூடும். அதே விமானம், அதே 417 கி.மீ., ஆனி மாதம் ஒரு நேரம், கார்த்திகையில் ஒரு நேரம்.

இதெல்லாம் சேர்ந்த சராசரிக்கு மேலே விமான நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொள்ளும். சொன்ன நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் "சரியான நேரம்" என்று கணக்கு. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ மாதாமாதம் பட்டியல் போடும்போது பெயர் கெடக் கூடாதே! அதனால்தான் பல நாள் "பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு கேட்கிறீர்கள். முன்னதாக ஒன்றும் வரவில்லை, அட்டவணையில் இருந்த கொசுறு மிச்சமானது, அவ்வளவுதான்.

---

மேலூர்க்காரன் எழுதியது:

என்னப்பா ஆளாளுக்கு ஏரோப்ளேனு, ரயிலுன்னுக்கிட்டு! காரை எடுங்கண்ணே. விடியக்காலம் நாலு மணிக்குக் கெளம்புனா பதினோரு மணிக்கு வேளச்சேரி. அப்பாருக்குக் கால் வலிச்சா நிப்பாட்டி ஒரு காப்பி, ரெண்டு எட்டு நட, மறுபடி ஏறு. யாரும் கேக்கப் போறதில்ல. சாமானும் எம்புட்டு வேணாலும் ஏத்தலாம், கிரகப்பிரவேசத்துக்குப் பாத்திரம் பண்டம் எடுத்துட்டுப் போகாம இருப்பீகளா?

---

ரயில்பித்தன்86 எழுதியது:

மேலூர் அண்ணே, நீங்க சொல்ற ஏழு மணி நேரம் செங்கல்பட்டு வரைக்கும். அதுக்கப்புறம் பரனூர் டோல்ல ஆரம்பிச்சு சிங்கப்பெருமாள் கோயில், கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர்னு வரிசையா நிப்பீங்களே, அதைச் சொல்லவே இல்லையே! ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சென்னைக்குள்ள நுழைஞ்சு பாத்திருக்கீங்களா?

---

மேலூர்க்காரன் எழுதியது:

அதுக்குத்தேன் நாலு மணிக்குக் கெளம்பச் சொல்றேன் தம்பி. சிட்டம்பட்டி, பூதக்குடி, சமயபுரம், விக்கிரவாண்டின்னு டோலுக்கு அழுகுறதத் தவிர வேற கொறையே இல்ல.

---

திருநகர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கார் வேண்டாம் அண்ணே, நான் ஒருவனே ஓட்டணும், டாக்டரும் ஒரேயடியாக அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார வேண்டாம் என்றிருக்கிறார்.

காற்றுத்திசை சார், இன்னொரு சந்தேகம். நான் பார்த்த விமானம் ஏடிஆர் என்று போட்டிருந்தது. விசிறி வைத்த சின்ன விமானம்தானே? அதற்குப் பதில் ஏர்பஸ் எடுத்தால் அந்த 31 நிமிடம் கிடைக்குமா? ஏன் மதுரைக்குப் பெரும்பாலும் இந்த விசிறி விமானத்தையே விடுகிறார்கள்? நம்மூர் என்றால் இளக்காரமா?

---

காற்றுத்திசை எழுதியது:

தம்பி, 31 நிமிடம் யாருக்கும் கிடைக்காது, ஏர்பஸ்ஸுக்கும் கிடைக்காது.

ஏடிஆர் 72 மணிக்கு 500 கி.மீ. அளவில் போகும். ஏர்பஸ் 320 உயரத்தில் 830-ஐத் தொடும். இதை வைத்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி வித்தியாசம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த 830 எப்போது வருகிறது? முப்பதாயிரம் அடிக்கு மேலே ஏறி நிதானமாகப் போகும்போது. 417 கி.மீ. பயணத்தில் மேலே போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். சில நாள் தேநீர் வண்டியை வெளியே எடுக்கக்கூட நேரம் இருக்காது. பத்தாயிரம் அடிக்குக் கீழே எந்த விமானமானாலும் 250 நாட் வேகத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மணிக்கு 460 கி.மீ. சொச்சம். ஆக, முதலிலும் கடைசியிலும் ஏர்பஸ்ஸும் ஏடிஆரும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில்தான் ஜெட் முந்தும்.

சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொடும் வரை ஏடிஆருக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஏர்பஸ்ஸுக்கு 45 நிமிடத்தை ஒட்டி. கால் மணி நேர வித்தியாசம். சென்னையில் பெட்டி வரும் பட்டை முன்னால் நிற்கும்போது அந்தக் கால் மணி போன இடம் தெரியாது.

இளக்காரம் எல்லாம் இல்லை, காசுதான். ஏடிஆரில் 70 முதல் 78 இருக்கைகள். ஏர்பஸ்ஸில் 180-க்கு மேல். ஒரு பெரிய விமானத்தை ஒரு தடவை விடுவதைவிட, சின்னதைக் காலை, மதியம், சாயங்காலம் என்று விட்டால் வியாபாரத்துக்குப் போகிறவர்களுக்கு வசதி. எரிபொருளும் பாதிக்கும் கீழேதான் குடிக்கும். அதோடு, 80 இருக்கைக்குக் குறைந்த விமானத்துக்கு உள்நாட்டுச் சேவையில் இறங்கு கட்டணம் கிடையாது. 40,000 கிலோவுக்கு உட்பட்ட விமானங்களுக்கு எரிபொருள் விற்பனை வரியும் குறைவுதான். பெரிய விமானங்களுக்கு அந்தந்த மாநிலம் விதிக்கும் வரி, அது பல மடங்கு. உங்கள் டிக்கெட் விலையில் இதெல்லாம் இருக்கிறது.

---

நெல்லைச்சீமை எழுதியது:

மதுரைக்காரங்க ஏடிஆர்னு சலிச்சுக்கிடுதிய. எங்க தூத்துக்குடில ரொம்ப காலம் வேற வழியே இல்லலா! ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்துச்சு, ஏர்பஸ் இறங்கணும்னு ஆசப்பட்டாலும் முடியாது. இப்பதான் 3,115 மீட்டருக்கு நீட்டி, 2025 ஜூலைல புது முனையமும் தொறந்திருக்காவ.

வாத்தியார் சார் கணக்குப்படி பாத்தா தூத்துக்குடி–சென்னை வானத்துல 527 கி.மீ. அளவு வரும். ரயில்ல 650 பக்கம். முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனா காலைலதான் எழும்பூர். எங்களுக்குப் பகல்ல ஒரு வேலையா போய்ட்டு வரணும்னா விமானம் இல்லாம கதையே இல்ல. மதுரை அப்படி இல்ல பாத்துக்கிடுங்க. ரெண்டுங்கெட்டான் தூரம். ரயிலும் தோக்கல, விமானமும் ஜெயிக்கல.

---

கணக்குவாத்தியார் எழுதியது:

"ரெண்டுங்கெட்டான் தூரம்" என்று நெல்லைச்சீமை சொன்னது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசிக்குக் கணக்குப் போடலாம். திருநகர் வாசலிலிருந்து வேளச்சேரி வாசல் வரை:

விமானம் என்றால், திருநகரிலிருந்து பெருங்குடி வழியாக விமான நிலையம் அரை மணி. பெட்டி போடும் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள், வயதானவரோடு போவதால் ஒன்றரை மணி முன்னதாகப் போக வேண்டும். டிக்கெட்டில் உள்ள 1 மணி 25 நிமிடம். சென்னையில் பேருந்தில் முனையத்துக்கு வந்து பெட்டி எடுக்க 25 நிமிடம். மீனம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி 40 நிமிடம் வைத்துக்கொள்வோம். கூட்டினால் நாலரை மணி.

வந்தே பாரத் என்றால், மதுரை ஜங்ஷனுக்கு அரை மணி, அங்கே அரை மணி. வண்டி எழும்பூருக்கு ஐந்தே முக்கால் மணி, ஆனால் நீங்கள் எழும்பூர் போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் நிற்கிறது. அது வரை ஐந்தேகால் மணி. இறங்கி வண்டி பிடிக்கப் பத்து நிமிடம், வேளச்சேரிக்கு முக்கால் மணி. மொத்தம் ஏழு மணி பத்து நிமிடம்.

இணையத்தில் 31 நிமிடத்தையும் ஐந்தே முக்கால் மணியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் பதினோரு மடங்கு. வாசலுக்கு வாசல் பார்த்தால் ஒன்றரை மடங்குகூட முழுசாக இல்லை. மிச்சம் 2 மணி 40 நிமிடம். தங்கச்சி வீடு பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ இருந்திருந்தால் இதுவும் சுருங்கியிருக்கும், எழும்பூர் கிட்டே என்பதால்.

---

ரயில்பித்தன்86 எழுதியது:

சார், 1 தசம் 59 மடங்கு. ஒன்றரையத் தாண்டிருச்சு. விமானத்துக்குச் சலுகை குடுக்காம சரியா சொல்லுங்கன்னு கேக்க வந்தவன், எனக்கே எதிரா திருத்த வேண்டியதாப் போச்சு.

ஆனா அந்த ஏழு மணி பத்து நிமிஷத்துல ஐந்தேகால் மணி ஒரே சீட்டு. நடுவுல ஒரு தொல்லை கிடையாது. பெல்ட்டைக் கழட்டு, செருப்பைக் கழட்டு, லேப்டாப்பை வெளிய எடுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. விமானத்துல நாலரை மணி நேரத்தை ஏழெட்டுத் துண்டா நறுக்கிருவாங்க. மூட்டு மாத்தினவருக்கு உள்ள இருக்கிற உலோகம் வேற ஸ்கேனர்ல கத்தும்!

---

குரோம்பேட்டைசுந்தரி எழுதியது:

மணிக்கணக்கு, மடங்குக்கணக்கு எல்லாம் இருக்கட்டும். எங்க மாமியாருக்கும் மூட்டு ஆபரேஷன் ஆனது. அவங்களை இந்த வழியிலதான் கூட்டிட்டு வர்றோம். அதனால சிலது சொல்றேன்.

ஏடிஆர்ல ஆளுங்க ஏறற கதவு பின்பக்கம். முன்பக்கம் சாமான் ஏத்தற கதவு. விமானமே தரைக்குத் தாழ்வா இருக்கும். அதனால முனையத்துல ஏரோபிரிட்ஜ் (விமானக் கதவு வரைக்கும் நடந்தே போற பாலம்) இருந்தாலும் இதுக்குப் பெரும்பாலும் ஒத்து வராது, தரையில போய்தான் ஏறணும். கதவோடவே சேர்ந்த சின்னப் படி இருக்கும், நாலஞ்சு படிதான், ஆனா குறுகலா இருக்கும். சில இடத்துல சாய்தளம் கொண்டு வந்து வைப்பாங்க. டிக்கெட் போடும்போதே வீல்சேர் வேணும்னு குறிச்சிடுங்க. அங்க போய்க் கேட்டா குடுப்பாங்க, ஆனா ஆள் வர்றதுக்குள்ள அப்பாவுக்குப் பதட்டம் வந்துடும். சென்னையில பஸ்ல ஏத்தும்போது அந்தப் பஸ் படியையும் கணக்குல வெச்சுக்கோங்க.

செக்யூரிட்டில மூட்டு விஷயத்தை முதல்லயே சொல்லிடுங்க. டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸ் ஒண்ணு கையில இருக்கட்டும். கையால தடவிப் பாத்துட்டு விட்டுடுவாங்க. ஸ்கேனர் கத்தினதுக்காக ரயிலுக்கு மாற வேண்டியதில்ல, ரயில்பித்தன் தம்பி!

ரயில்லயும் படி இல்லாம இல்ல. வந்தே பாரத் வாசல் பிளாட்பாரத்துக்குக் கிட்டத்தட்ட சமமா இருக்கும், அது நல்லது. ஆனா தாம்பரத்துல வேற பிளாட்பாரத்துக்கோ வெளியவோ போக மேம்பாலம் ஏறணும்னா லிஃப்ட் எங்கன்னு தேடணும். நிக்கற நேரம் ரெண்டே நிமிஷம், வயசானவங்க பெட்டியோட இறங்கறதுக்குள்ள கதவு மூடிடுமோன்னு நமக்கு வயித்தக் கலக்கும். முன்கூட்டியே கதவு பக்கம் வந்து நின்னுடணும்.

என்னோட தேர்வு? வேளச்சேரிக்கு விமானம். எழும்பூர் தாண்டி வடக்க போறவங்களுக்கு ரயில். அவ்ளோதான்.

---

மேலூர்க்காரன் எழுதியது:

பரந்தூர்ல புது ஏர்போர்ட்டு வந்துருச்சுன்னா இந்தம்மா சொல்ற கணக்கெல்லாம் என்னாகும்? காஞ்சிபுரத்துக்கிட்ட எறக்கி விட்டுட்டு அங்கருந்து வேளச்சேரிக்கு ரெண்டு மணி நேரம் டாக்சிலயா?

---

நெல்லைச்சீமை எழுதியது:

அதைத்தான் நானும் கேக்கணும்னு நெனச்சேன். எங்களுக்கு ஒரு மணி இருபது நிமிசம் வானத்துல, ரெண்டு மணி நேரம் ரோட்டுல. மொதல்ல அங்க நிலம் குடுக்க மாட்டோம்னு ஏகனாபுரத்துக்காரங்க போராடுதாங்களே, அதுக்கு ஒரு வழி—

---

நெறியாளர் எழுதியது:

பரந்தூருக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது, அங்கே தொடருங்கள். இங்கே மதுரை–சென்னை பயண நேரம் மட்டும். இதற்குக் கீழே வந்த இரண்டு அரசியல் பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன்.

---

காற்றுத்திசை எழுதியது:

சுந்தரி அம்மா சொன்னதில் கூட்ட ஒன்றுமில்லை. நாள் தேர்வு பற்றி மட்டும் ஒன்று. தம்பி, விழா எப்போது என்று எழுதவில்லை. தையில் என்றால் போகிப் பண்டிகைக் காலையில் சென்னைக்கு விமானம் போடாதீர்கள். ஊரெல்லாம் பழசைக் கொளுத்தும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் போகும். 2018 போகியன்று வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு 417 கி.மீ. பறந்து போய், இறங்க முடியாமல், மறுபடி அதே தூரம் திரும்பினாலும் ஆச்சரியமில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மாலை விமானத்தைவிடக் காலை விமானம் நல்லது. மழையைவிடப் பெரிய காரணம், ஒரே ஏடிஆர் நாள் முழுக்க ஊர் ஊராகப் போய் வந்துகொண்டிருக்கும். காலையில் எங்கோ பத்து நிமிடம் தாமதமானால், நடுவில் ஈடுகட்ட நேரம் இல்லாமல், சாயங்காலம் மதுரைக்கு வரும்போது அது முக்கால் மணியாக வளர்ந்திருக்கும். சின்ன விமானத்தின் நிஜமான குறை வேகம் இல்லை, இதுதான்.

---

திருநகர்வாசி எழுதியது:

விழா ஆவணியில் சார், போகிப் பயம் இல்லை. தென்மேற்குக் காற்று, கடல் சுற்று எல்லாம் இருக்கும் போல.

வாத்தியார் சாரின் கணக்கை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஏழு மணி நேரத்தில் ஐந்தேகால் மணி நேரம் உங்க அப்பா பேசாமல் தூங்குவார், நான் திருச்சி வரைக்கும் ஜன்னல், அப்புறம் புஸ்தகம், எனக்கு என்ன அவசரம்?" என்றார். நேரம் மிச்சம் பண்ணினால் அந்த நேரத்தில் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டார், நான் சொன்ன பதில் எதுவும் எடுபடவில்லை. கடைசியில் பேரம் முடிந்தது. போகும்போது காலை விமானம், ஏனென்றால் அன்று சாயங்காலமே தங்கச்சி வீட்டில் வேலை இருக்கிறது. திரும்பும்போது தாம்பரத்தில் வந்தே பாரத், அவசரமில்லை. இரண்டுக்கும் டிக்கெட் போட்டாச்சு, வீல்சேரும் குறித்தாச்சு.

அப்பாவுக்கு இதுதான் முதல் விமானப் பயணம். ஜன்னல் வேண்டும் என்கிறார். எந்தப் பக்கம் போடுவது?

---

குரோம்பேட்டைசுந்தரி எழுதியது:

பின்பக்க வரிசை போடுங்க. கதவு கிட்ட இருக்கும், நடக்க வேண்டிய தூரம் கம்மி. விசிறி நடுவுக்குக் கொஞ்சம் முன்னாடி சுத்தறதால பின்னாடி சத்தமும் குறைவு. கையில எடுத்துட்டுப் போற பெட்டி சின்னதா இருக்கட்டும், மேல வெக்கற இடம் ஏர்பஸ் மாதிரி இருக்காது.

---

கணக்குவாத்தியார் எழுதியது:

இடது பக்கம். கோட்டை மறுபடி பார்த்தேன். திருச்சி விமான நிலையத்துக்கு மேலேயே போகிறது, ஸ்ரீரங்கம் அதற்கு மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டரில் வரும். விமானம் வடகிழக்கு நோக்கிப் போவதால் அது இடது கைப் பக்கம். ஏடிஆரில் இறக்கை கூரை மேல் இருப்பதால் கீழே மறைக்காது. காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து சேரும் தீவு, ஆவணியில் தண்ணீர் விட்டிருந்தால் நன்றாகவே தெரியும். நேர்கோட்டில்தான் பறப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது, அதைக் காற்றுத்திசை சாரிடம் கேளுங்கள்.

---

காற்றுத்திசை எழுதியது:

வானம் தெளிவாக இருந்தால் கிளம்பி இருபது நிமிடத்துக்கு மேல் பார்க்கச் சொல்லுங்கள். வலது பக்கம் போட்டால் சென்னையில் கடல் தெரியும், ஆனால் அன்றைக்கு எந்தத் திசையில் இறக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். ஸ்ரீரங்கம் அப்படி மாறாது. இடது பக்கமே போடுங்கள்.

---

ரயில்பித்தன்86 எழுதியது:

திரும்பி வரும்போது ஸ்ரீரங்கத்தைத் தாண்டித்தான் காவிரிப் பாலம், இன்னும் கிட்டத்துல, மெதுவா. வலது பக்கம் சீட்டு போட்டீங்கன்னா ராஜகோபுரமே தெரியும். அம்மாவுக்கு அந்த ஜன்னலைக் குடுங்க அண்ணே.